கெர்னல் ஸ்ட்ரக்டின் உள் ஃபீல்டுகளை டிரைவர் எழுதுபவர் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ஒரு லினக்ஸ் கெர்னல் குழு, தன் போர்டுகளுக்காக ஒரு சென்சார் ஹப் சப்சிஸ்டம் எழுதியிருக்கிறது. அதன் மேல் டிரைவர் எழுதுவது வேறு ஆட்கள்: ஒயிட்ஃபீல்டில் ஒரு வெண்டர், சென்னையில் இன்னொரு குழு. எல்லாரும் ஹப்_டெவ் என்ற ஒரே ஸ்ட்ரக்டைத்தான், அதாவது பல ஃபீல்டுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பைத்தான், பார்க்கிறார்கள். அதிலுள்ள கோர் லாக்கை, அதாவது சப்சிஸ்டத்தின் பொதுப் பகுதியான கோர் ஒரு நேரத்தில் ஒருவரே தொடுவதற்காக வைத்த பூட்டை, எடுத்துத் தங்கள் ரிஜிஸ்டர்களைக் காக்கிறார்கள். ஓடுகிறதா நிற்கிறதா என்று கோர் குறித்துவைக்கும் ஃபீல்டில் தாங்களே எழுதுகிறார்கள். வெளியார் தொட முடியாது என்று ஃபீல்டைக் குறிக்க சி மொழியில் பிரைவேட் கிடையாது. எப்படி மறைப்பது?

முதலில் நோக்கத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இது பாதுகாப்பு வேலை அல்ல. கெர்னலுக்குள் ஏறிவிட்ட மாட்யூலுக்கு எல்லா மெமரியும் திறந்தே கிடக்கிறது. அதனிடம் எதையும் பூட்டி வைக்க முடியாது. நாளை அந்த லாக்கை மியூடெக்ஸிலிருந்து (காத்திருப்பவர் தூங்கும் லாக்) ஸ்பின்லாக்காக (சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) மாற்றவோ, ஒரு லிஸ்டை எக்ஸ்அரேயாக (எண்ணால் தேடும் அட்டவணை) மாற்றவோ யாரிடமும் கேட்காமல் உங்களால் முடிய வேண்டும். மறைப்பது அதற்காகத்தான். எந்த ஃபீல்டை எடுத்தாலும் "ஒரு டிரைவரையும் தொடாமல் இதை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள்.

வழியைத் தீர்மானிப்பது இன்னொரு கேள்வி: ஹப்_டெவ்வுக்கு மெமரி ஒதுக்குவது யார்? டிரைவர் தன் சொந்த ஸ்ட்ரக்டுக்குள் அதைப் பதித்து வைத்துக்கொண்டு கன்டெய்னர்_ஆஃப் (உறுப்பின் முகவரியிலிருந்து அதைச் சுற்றியுள்ள ஸ்ட்ரக்டைக் கண்டுபிடிக்கும் மேக்ரோ) போட்டு எடுக்கிறது என்றால், அதன் அளவு கம்பைலருக்குத் தெரிந்தாக வேண்டும். அதாவது முழு வரையறையும் ஹெடரில் (எல்லாரும் இன்க்ளூட் செய்யும் கோப்பில்) இருந்தே தீரும். கெர்னலில் பின்களுக்கான ஜிபிஐஓ_சிப், கிளாக்குக்கான சிஎல்கே_எச்டபிள்யூ இரண்டும் அப்படிப்பட்டவை. மெமரியைக் கோர் ஒதுக்குகிறது என்றால் எதையும் மறைக்கலாம். உங்களிடம் இப்போது டிரைவர்தான் ஒதுக்குகிறது என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஹப்_டெவ்_அலாக் என்று ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லா டிரைவர்களையும் அதற்கு மாற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

முழுதாக மறைப்பதுதான் இருப்பதில் எளிது. ரிஜிஸ்டர்களைப் படித்து எழுத உதவும் கெர்னலின் ரெக்மேப் பகுதியைப் பாருங்கள்: பொது ஹெடரில் 'ஸ்ட்ரக்ட் ரெக்மேப்;' என்று பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, உள்ளடக்கத்தை டிரைவர்ஸ்/பேஸ்/ரெக்மேப் அடைவுக்குள் இருக்கும் இன்டர்னல்.எச் கோப்பில் வைத்திருக்கிறார்கள். டிரைவர் கொடுக்க வேண்டியதெல்லாம் ரெக்மேப்_கான்ஃபிக் என்ற தனி ஸ்ட்ரக்ட். திரும்பக் கிடைப்பது ஒரு பாயிண்டர். உள்ளே கை வைத்தால் வரையறுக்கப்படாத டைப் என்று கம்பைலர் நிறுத்திவிடும். ஜிபிஐஓ_டெஸ்க்கும், கிளாக்கைப் பயன்படுத்துபவர் பார்க்கும் சிஎல்கேவும் இதே ரகம். பயன்படுத்துபவருக்கு ஒரு ஹெடர், வழங்குபவருக்கு ஒரு ஹெடர் என்று பிரித்திருப்பதையும் கவனியுங்கள்: ஜிபிஐஓவிலும் ரெகுலேட்டரிலும் கன்ஸ்யூமர்.எச், டிரைவர்.எச், இவை போக மெஷின்.எச் ஒன்றும் உண்டு. உங்கள் ஹப்பின் அளவீட்டை வாங்கிப் பயன்படுத்த மட்டும் செய்கிற டிரைவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்த முறையே போதும்.

ஆனால் நீங்கள் கேட்பது வழங்கும் டிரைவர்களைப் பற்றி. அவர்கள் பெயர், சேனல் பட்டியல், ஆப்ஸ் டேபிள் (கோர் அழைக்க வேண்டிய டிரைவர் ஃபங்ஷன்களின் பட்டியல்) எல்லாம் ஸ்ட்ரக்டில் நிரப்பியாக வேண்டும். பாதி தெரிய வேண்டும், பாதி மறைய வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது சென்சார்களுக்கான ஐஐஓ சப்சிஸ்டம் 2020-இல் எடுத்துக்கொண்ட முறை. அங்கே டிரைவர் பார்ப்பது ஐஐஓ_டெவ். கோர் உண்மையில் ஒதுக்குவது ஐஐஓ_டெவ்_ஒபேக் (ஒபேக் என்றால் உள்ளே தெரியாதது) என்ற பெரிய ஸ்ட்ரக்ட். அதற்குள் ஐஐஓ_டெவ் ஓர் உறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. டிரைவருக்கு அந்த உறுப்பின் முகவரி மட்டும் போகிறது. கோருக்குத் தன் ரகசிய ஃபீல்டுகள் வேண்டும்போது கன்டெய்னர்_ஆஃப் வழியாக மேலே ஏறி வெளி ஸ்ட்ரக்டைப் பிடித்துக்கொள்கிறது. பொது ஸ்ட்ரக்டில் ரகசியத்துக்கான பாயிண்டர்கூடக் கிடையாது. கூடுதல் ஒதுக்கீடும் இல்லை, கூடுதல் தாவலும் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு. உறுப்பை முதல் இடத்தில் வைத்தால் அதுவும் இல்லை.

உங்களுக்கு இதை எழுதினால் இப்படி வரும். ஹப்_டெவ்_ஒபேக் என்ற ஸ்ட்ரக்டில் முதலில் ஹப்_டெவ், பிறகு லாக், நிலை, பஃபர் லிஸ்ட், டிபக்எஃப்எஸ் டென்ட்ரி (டிபக் கோப்புக்கான பதிவு) என்று கோர் மட்டும் தொடுபவை. ஹப்_டெவ்_அலாக், டிரைவருக்கு வேண்டிய சொந்த இடத்தின் அளவை வாங்கிக்கொண்டு, ஒபேக்கின் அளவை டிஎம்ஏ (சாதனம் நேரடியாக மெமரியைப் படித்து எழுதுவது) கேட்கும் அலைன்மென்டுக்கு, அதாவது முகவரி வகுபட வேண்டிய எண்ணுக்கு, மேல்நோக்கி முழுமையாக்கி, அதோடு டிரைவர் கேட்டதைக் கூட்டி ஒரே கேஸெட்அலாக்கில் (கெர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) எடுக்க வேண்டும். இந்த அலைன்மென்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்ம்64 பிராசசர்களில் அந்த எண், ஆர்ச்_டிஎம்ஏ_மின்அலைன், 128 பைட். டிரைவர் தன் ஸ்ட்ரக்டின் கடைசியில் எஸ்பிஐ பஸ் டிரான்ஸ்ஃபருக்கான பஃபரை 128-க்கு அலைன் செய்து வைத்திருப்பார். தொடக்க முகவரியே 128-இல் விழவில்லை என்றால் அந்த அட்ரிபியூட் வெறும் அலங்காரம். பஃபரும் பக்கத்து ஃபீல்டும் ஒரே கேஷ் வரியில் விழும். சாதனம் மெமரியில் எழுதியது பிராசசரின் கேஷுக்குத் தானாகத் தெரியாத (கேஷ் கோஹெரன்ட் அல்லாத) எஸ்ஓசி சிப்பில் எப்போதாவது ஒருமுறை தவறான அளவீடு வரும். லேபில் வராது, கஸ்டமர் கையில் வரும்.

இந்த முறைக்கு ஒரே ஒரு கண்டிப்பான நிபந்தனை: ஹப்_டெவ்வை வேறு யாரும் உருவாக்கக் கூடாது. ஒரு டிரைவர் அதை ஸ்டாட்டிக்காக வைத்தாலோ, தானே கேமலாக் போட்டு ஒதுக்கினாலோ, தன் ஸ்ட்ரக்டுக்குள் பதித்தாலோ, கோர் மேலே ஏறிப் பிடிப்பது யாருடையதோ தெரியாத மெமரி. கம்பைலர் வாயைத் திறக்காது. விடுவிப்பதும் அப்படியே: டிரைவர் கேஃப்ரீ போடக் கூடாது. உள்ளிருக்கும் டிவைஸின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமாகும்போது ரிலீஸ் கால்பேக்தான் முழு ஒபேக்கையும் விடுவிக்க வேண்டும். இதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. யூசர் புரோகிராம் கேரக்டர் டிவைஸைத் திறந்து வைத்திருக்கும்போதே டிரைவரைக் கழற்றினால், டிரைவரின் சொந்த இடமும் சேர்ந்து உயிரோடிருக்கும். ஜிபிஐஓவில் 2016-இல் ஜிபிஐஓ_சிப்பிலிருந்து ஜிபிஐஓ_டிவைஸைப் பிரித்ததற்கும் காரணம் இந்த ஆயுள் பிரச்சினைதான். சிப் டிரைவருடையது, டிரைவரோடு போய்விடும். டிவைஸ் கோருடையது, கடைசி எஃப்டி (யூசர் திறந்து வைத்த கோப்பு) மூடும்வரை இருக்கும். உங்கள் ஹப் ஹாட்பிளக் ஆகும் என்றால், நேர்த்தியை விட இதுதான் மறைப்பதற்கான பெரிய காரணம்.

இன்னொரு பழைய முறை, பொது ஸ்ட்ரக்டில் 'பி' என்று ஒரு பாயிண்டர் வைத்து, அது காட்டும் ஸ்ட்ரக்டை உள் ஹெடரில் ஒளிப்பது. ஸ்ட்ரக்ட் டிவைஸுக்குள் இருக்கும் டிவைஸ்_பிரைவேட் அப்படிப்பட்டதுதான், வரையறை டிரைவர்ஸ்/பேஸ்/பேஸ்.எச் கோப்பில். டிவைஸைப் பலரும் தங்கள் ஸ்ட்ரக்டில் பதித்து வைப்பதால் அங்கே வேறு வழியில்லை. ஆனால் இதன் செலவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2009-இல் டிரைவர்_டேட்டா ஃபீல்டையும் அந்த ரகசியப் பகுதிக்குள் தள்ளினார்கள். விளைவாக, ஒரு பாயிண்டரை எழுதி வைக்கிற டெவ்_செட்_டிரைவ்டேட்டா, தேவைப்பட்டால் மெமரி ஒதுக்குகிற ஃபங்ஷனாக ஆகிவிட்டது. ஒதுக்கீடு தோற்கலாம், அழைப்பவர்கள் யாரும் பார்ப்பதில்லை. டிவைஸ் கடைசிவரை பதிவாகவே இல்லையென்றால் ஒதுக்கிய மெமரி கசியும். 2014-இல் அந்த ஃபீல்டை மறுபடி பொது ஸ்ட்ரக்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். டிரைவர் தானே எழுதித் தானே படிக்கிற ஒன்றை மறைத்து கோருக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பாயிண்டர் முறையில் அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல், மாட்வெர்ஷன்ஸ் (கெர்னலும் மாட்யூலும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வசதி) போட்டு வெண்டர் மாட்யூல்களைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு. சிம்பலை (மாட்யூல்கள் அழைக்கும் ஃபங்ஷன் பெயரை) எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பு உள் ஹெடரையும் இன்க்ளூட் செய்திருக்கும். ஜென்கேசிம்ஸ் என்ற பில்ட் கருவி அந்தக் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் டைப்புகளை எல்லாம், பாயிண்டர் வழியாகப் போய், விரித்துத்தான் சிஆர்சி (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண்) போடுகிறது. ஆக டிரைவர் பார்க்க முடியாத ஃபீல்டை நீங்கள் மாற்றினாலும் சிஆர்சி மாறி, பழைய மாட்யூல் ஏறாது. டிரைவரிடமிருந்து மறைத்தீர்கள், ஜென்கேசிம்ஸிடமிருந்து மறைக்கவில்லை. ஐஐஓ பாணியில் பொது ஸ்ட்ரக்டிலிருந்து ரகசியத்துக்குப் போகும் வழியே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. உங்கள் வெண்டர் சோர்ஸ் தராமல் கேஓ கோப்பாக (கம்பைல் செய்த மாட்யூலாக) மட்டும் கொடுப்பவர் என்றால், இந்த ஒரு காரணமே ஐஐஓ முறைக்குப் போதும்.

சரி, மறைக்கவே முடியாத ஃபீல்டுகள்? இன்லைன் ஃபங்ஷன் (அழைக்கும் இடத்திலேயே விரிக்கப்படுவது) ஹெடரிலேயே தொட வேண்டியவை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டுக்கும் படிக்கப்படுபவை. இவற்றை எக்ஸ்போர்ட் செய்த ஃபங்ஷனுக்குப் பின்னால் வைத்தால் மாட்யூல் எல்லை தாண்டி ஒவ்வொரு முறையும் அழைப்பு போகும்; இன்லைனாக வைத்தால் வரையறை தெரிந்தாக வேண்டும். இங்கே படிப்பதை விட்டுவிட்டு எழுதுவதை மட்டும் தடுப்பதுதான் நடைமுறை.

இதற்கு நல்ல மாதிரி 2023-இல் 6.3 கெர்னலில் வந்த விஎம்_ஃபிளாக்ஸ் மாற்றம். புராசஸின் மெமரிப் பகுதி ஒன்றைக் குறிக்கும் விஎம்ஏரியா ஸ்ட்ரக்டில் (சுருக்கமாக விஎம்ஏ) ஒரு யூனியன், அதாவது ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். அதில் ஒரு பெயர் கான்ஸ்ட் விஎம்_ஃபிளாக்ஸ், இன்னொன்று __பிரைவேட் குறியோடு __விஎம்_ஃபிளாக்ஸ். படிப்பவர்கள் பழையபடி படிக்கலாம். எம்மேப் ஃபங்ஷனில் விஎம்_ஐஓ, விஎம்_டோன்ட்எக்ஸ்பாண்ட் என்ற ஃபிளாக்குகளை ஆர் போட்டு நேரே எழுதிக்கொண்டிருந்த டிரைவர்கள், படிக்க மட்டுமான உறுப்பில் எழுதுகிறாய் என்ற பிழையோடு நின்றன. விஎம்_ஃபிளாக்ஸ்_செட்டுக்கு மாற வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு பாடு? ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் தனி லாக் கொண்டுவர வேண்டுமானால், அந்த ஃபிளாக் எங்கெல்லாம் மாறுகிறது என்பது ஓரிடத்தில் தெரிய வேண்டும்.

நெட்வொர்க் பக்கம் சாதனத்தின் முகவரியை வைத்திருக்கும் டெவ்_அட்ரும் இதே கதை. எம்ஏசி முகவரிகளை ஒரு மரத்தில் வைத்துத் தேட ஆரம்பித்ததும், டிரைவர் மெம்காப்பி போட்டு முகவரியை மாற்றினால் மரம் பொய்யாகிவிடும் என்ற நிலை. 5.17-இலிருந்து அது கான்ஸ்ட். எழுத வேண்டுமானால் எத்_எச்டபிள்யூ_அட்ர்_செட். காஸ்ட் போட்டுக் கான்ஸ்டைக் கழற்றுபவர்களுக்காக ஒரு நிழல் நகலையும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டிமெஸ்கில் (கெர்னல் செய்திப் பதிவில்) எச்சரிக்கை வரும். அளவுக்கு மீறிய சந்தேகம்தான், ஆனால் பிடித்துவிடுகிறது.

கான்ஸ்ட் முறையில் உங்கள் கோரே ஓரிடத்தில் இடறும். கான்ஸ்ட் உறுப்புள்ள ஸ்ட்ரக்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சமன் குறி போட்டு முழுதாக நகலெடுக்க முடியாது. விஎம்ஏவை நகலெடுக்கும் விஎம்_ஏரியா_டூப்பில் அந்தச் சமன் குறியை முன்கூட்டியே மெம்காப்பியாக மாற்றிவிட்டுத்தான் கான்ஸ்டைச் சேர்த்தார்கள்.

__பிரைவேட் குறியைப் பற்றித் தெளிவாக இருங்கள். 2016-இலிருந்து கெர்னலில் இருக்கிறது. சாதாரண பில்டில் அது வெற்று மேக்ரோ, ஒன்றும் செய்யாது. ஸ்பார்ஸ் என்ற சோர்ஸ் சோதிக்கும் கருவி ஓடும்போது மட்டும் நோடெரெஃப் அட்ரிபியூட்டாக மாறும். நேரே தொட்டால் எச்சரிக்கும். முறைப்படி தொட ஆக்சஸ்_பிரைவேட் மேக்ரோ. எனவே உங்கள் சிஐயில் (தானியங்கி பில்ட் சோதனையில்) ஸ்பார்ஸை ஓட்டும் மேக் சி=1 அல்லது எல்லாக் கோப்புக்கும் சி=2 ஓடவில்லை என்றால் இந்தக் குறி வெறும் கமென்ட். பிட்ஃபீல்டுக்கு (சில பிட்டுகள் மட்டும் உள்ள ஃபீல்டு) இதைப் போடாதீர்கள்: ஆக்சஸ்_பிரைவேட் உறுப்பின் முகவரியை எடுக்கிறது, பிட்ஃபீல்டுக்கு முகவரி கிடையாது. வெண்டர் ஸ்பார்ஸ் ஓட்டுவார் என்று நம்பியும் இருக்காதீர்கள். 'பழசு, பயன்படுத்தாதே' என்று சொல்லும் __டெப்ரிகேட்டட் எச்சரிக்கைகளை யாரும் சட்டை செய்வதில்லை என்பதால் 2018-இல் அவற்றைக் கெர்னலிலிருந்தே அடியோடு நிறுத்திவிட்டார்கள். பில்டை நிறுத்தாத எச்சரிக்கை, ஆகஸ்டில் ரிலீஸ் என்று தலைக்கு மேல் கத்தி தொங்கும் ஒயிட்ஃபீல்டு டீமின் கண்ணில் படாது.

இதெல்லாம் இல்லாமல் பெயராலேயே மிரட்டுவதும் உண்டு. இன்டர்ரப்டுகளுக்கான ஐஆர்க்யூ_டெஸ்க்கில் ஒரு ஃபீல்டின் முழுப் பெயர் 'கோர்_இன்டர்னல்_ஸ்டேட்__டு_நாட்_மெஸ்_வித்_இட்'. கோர் கோப்புகள் அதை 'ஐஸ்டேட்' என்ற சிறு மேக்ரோவாகப் பயன்படுத்தும். வெளியார் தொட வேண்டுமானால் முழுதும் தட்டச்சு செய்ய வேண்டும், ரிவ்யூவில் ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். சிரிப்பாக இருந்தாலும் நல்ல இடைக்கால ஏற்பாடு.

இப்போது மாற்றும் வரிசை. ஹப்_டெவ்வின் ஃபீல்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: டிரைவர் நிரப்பிக் கொடுப்பவை, டிரைவர் படிக்க மட்டும் வேண்டியவை, கோர் மட்டும் தொடுபவை. மூன்றாவதை இப்போது யார் தொடுகிறார்கள் என்று கிரெப்பில் தேடாதீர்கள். 'லாக்' என்ற பெயர் ஆயிரம் ஸ்ட்ரக்டில் இருக்கும். ஃபீல்டின் பெயரை உங்கள் மெஷினில் தற்காலிகமாக மாற்றி ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்த எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும்) பில்ட் ஓட்டுங்கள். கம்பைலரே பட்டியல் தரும். உங்கள் ஆர்க்கிடெக்சருக்கு மட்டுமான டிரைவர்கள் விடுபடாமல் இருக்க அவற்றின் கேகான்ஃபிகில் கம்பைல்_டெஸ்ட் (வேறு ஆர்க்கிடெக்சரிலும் கம்பைல் செய்ய விடும் விருப்பம்) சேருங்கள். இருபதுக்கு மேல் இடங்கள் வந்தால் காக்சினெல் (சி கோடைத் தேடி மாற்றும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதுவது லாபம். அது டைப்பைப் பார்த்துத் தேடும்.

பிறகு பேட்ச் வரிசை: மாற்று ஃபங்ஷன்களைச் சேர்ப்பது முதலில், ஒவ்வொரு டிரைவருக்கும் தனித்தனி பேட்ச் அடுத்து, ஃபீல்டை ஒபேக்குக்கு நகர்த்துவது கடைசியில். தலைகீழாகச் செய்தால் இடையிலுள்ள கமிட்டுகள் பில்ட் ஆகாது. ஆறு மாதம் கழித்து எந்தக் கமிட்டில் பிழை வந்தது என்று தேட கிட் பைசெக்ட் ஓட்டுபவர் உங்களைத் திட்டுவார்.

அந்த மாற்று ஃபங்ஷன்களில்தான் உண்மையான யோசனை தேவை. ஹப்_கெட்_லாக் என்று எழுதி லாக்கின் பாயிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் எதையும் மறைக்கவில்லை. டிரைவர் ஏன் அந்த ஃபீல்டைத் தொட்டது என்று பாருங்கள். ஐஐஓவில் எம்லாக் என்ற கோர் லாக்கை டிரைவர்கள் எடுத்ததற்கு இரண்டு காரணங்கள் கலந்து கிடந்தன. சிலருக்குத் தங்கள் ரிஜிஸ்டரையோ பஃபரையோ காக்க ஒரு லாக் வேண்டியிருந்தது. அவர்களுக்கான பதில், உன் ஸ்ட்ரக்டில் உன் சொந்த மியூடெக்ஸ் வைத்துக்கொள். மற்றவர்களுக்கு, நான் ஒற்றை அளவீடு எடுத்து முடிக்கும்வரை சாதனம் பஃபர் நிலைக்கு (தொடர்ந்து அளவெடுக்கும் நிலை) போகக் கூடாது என்பது தேவை; அவர்களுக்காக ஐஐஓ_டிவைஸ்_கிளெய்ம்_டைரக்ட்_மோட். ஏற்கெனவே பஃபர் ஓடினால் அது மைனஸ் ஈபிசி (சாதனம் வேலையில் இருக்கிறது என்ற பிழை எண்) திருப்பித் தந்தது. இரண்டு தேவைகளையும் பிரித்து, ஒவ்வொரு டிரைவராகச் சரிசெய்த பிறகே 2022-இல் எம்லாக் ஒபேக்குக்குள் போனது. உங்கள் லாக்கிலும் இதே இரண்டும் கலந்திருக்கும். அதோடு ஒரு ஆபத்து: டிரைவர் கோர் லாக்கைப் பிடித்தபடி கோர் ஃபங்ஷனை அழைத்து, அது அதே லாக்கை எடுத்தால் டெட்லாக், ஒருபோதும் நகராது. மாற்றும் வேலை முழுக்க புரூவ்_லாக்கிங் (லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வசதி) ஆன் செய்த கெர்னலில் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஓட்டை எங்கே வரும்? உள் ஹெடரை இரட்டைப் புள்ளிப் பாதை போட்டு இன்க்ளூட் செய்வார்கள், அல்லது மேக்ஃபைலில் மைனஸ் ஐ (ஹெடர் தேடும் பாதை) சேர்ப்பார்கள். இரண்டையும் சிஐயில் ஒரு வரி ஸ்கிரிப்ட் பிடித்துவிடும். உண்மையில் மோசமானது, ஒபேக் ஸ்ட்ரக்டின் வரையறையையே தங்கள் சி கோப்பில் நகலெடுத்து ஒட்டுவது. மியூடெக்ஸின் அளவே டிபக் கான்ஃபிக்கைப் பொறுத்து மாறும். ராண்ட்ஸ்ட்ரக்ட் (ஃபீல்டு வரிசையைக் கலைத்துப்போடும் வசதி) ஆன் செய்திருந்தால், குறியிட்ட ஸ்ட்ரக்டுகளின் ஃபீல்டு வரிசையும் பில்டுக்கு பில்ட் மாறலாம். ஒட்டியவர் பில்ட் செய்த அன்று ஓடும், நீங்கள் ஒரு ஃபீல்டைச் சேர்த்த மறுநாள் வேறு எதன் மேலோ எழுதும். வெண்டருடன் செய்யும் ஒப்பந்தத்தில் சோர்ஸ் ரிவ்யூவைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். கருவியால் இதைப் பிடிப்பது கடினம்.

உள் ஃபங்ஷன்களை வேறு மாட்யூல்களில் இருக்கும் உங்கள் சொந்தக் கோர் பகுதிகளுக்கு மட்டும் திறக்க, 2019-இல் 5.4-இல் வந்த சிம்பல் நேம்ஸ்பேஸ் (எக்ஸ்போர்ட் செய்த பெயர்களைக் குழுவாகப் பிரிப்பது) உதவும். இம்போர்ட் செய்யாத மாட்யூலை மாட்போஸ்ட் என்ற பில்ட் கருவி சுட்டிக்காட்டும், லோடும் ஆகாது. இம்போர்ட் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் டிரைவர் ரிவ்யூவில் அந்த ஒரு வரியைத் தேடினால் போதும்.

டிபக் செய்ய முடியாமல் போகுமே என்ற பயம் வேண்டாம். மறைவது ஹெடரிலிருந்து மட்டும். டிபக் தகவலில் முழு ஸ்ட்ரக்டும் இருக்கும். விஎம்லினக்ஸ் கோப்பில் (பில்ட் ஆன கெர்னல்) பாஹோல் என்ற கருவியை மைனஸ் சி (பெரிய சி) போட்டு ஓட்டினால் ஒவ்வொரு ஃபீல்டின் ஆஃப்செட்டும் வரும். கிராஷ் டம்ப்பிலும் படிக்கலாம். ஒபேக்கைத் தொகுக்கும்போதே பாஹோல் ஓட்டி இடையில் வீணாகும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். இனி ஃபீல்டுகளை இடம் மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

உங்கள் ஹப்_டெவ்வில் கடைசியில் வெளியே மிஞ்ச வேண்டியவை: டிவைஸ், பெயர், சேனல் பட்டியலும் எண்ணிக்கையும், கான்ஸ்ட் ஆப்ஸ் பாயிண்டர், __பிரைவேட் குறியோடு டிரைவரின் சொந்த இடத்துக்கான பாயிண்டர், அதைப் படிக்க ஒரு இன்லைன் ஹப்_பிரைவ். கெர்னல்டாக்கில் (கமென்டிலிருந்து ஆவணம் உருவாக்கும் முறை) அந்தப் பாயிண்டருக்கு மேல் 'பிரைவேட்:' என்ற கமென்டைப் போட்டால் உருவாகும் ஆவணத்திலும் அது வராது. நிலை ஃபீல்டைப் படிக்க வேண்டியவர்களுக்கு ஹப்_இஸ்_ரன்னிங் என்று பூலியன் திருப்பும் ஃபங்ஷன் போதும். உள்ளே இருக்கும் ஈநம் வெளியே வர வேண்டாம். முதலில் நகர்த்த வேண்டியது லாக். அதை டிரைவர்கள் கையில் விட்டுவிட்டு மற்ற ஃபீல்டுகளை நகர்த்தினால், நகர்த்திய ஃபீல்டை எந்த லாக் காக்கிறது என்று உங்களுக்கே உறுதியாகச் சொல்ல முடியாது.